பதினாறு என்று எண்ணியவர்

தான் செய்தது தவறு என்று தெரிந்த பிறகு ஒரு மனிதர் எத்தனை நாள் வாய் திறக்காமல் இருக்கலாம்? எத்தனையாவது நாளில் அந்த மௌனம் முதல் தவறைவிடப் பெரியதாகிறது? ஆரோக்கிய ஜெகனின் வாழ்க்கையில் ஒரு பொங்கலுக்கும் அடுத்து வந்த கோடைக்கும் இடையே நடந்ததைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழும். நடந்ததோ ஒரு வீடியோ கேமைப் பற்றியது. கேட்டவர்களில் சிலர் சிரித்திருக்கிறார்கள். ஜெகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெகனுக்கு வயது முப்பத்து நான்கு. கடலூர் முதுநகரில் வீடு. சிதம்பரம் சாலையில், சிப்காட் பக்கம் ஓர் எடைமேடையில் வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் கணினியில் எண் வரும். ஜெகன் சீட்டை அச்செடுத்து டிரைவரிடம் கொடுப்பார். எளிய வேலைதான், ஆனால் அதில் அவருக்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. டிரைவரும் கிளீனரும் இறங்கி ஓரமாக நின்றால்தான் எடை போடுவார். மழை நாளில் தார்ப்பாயில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு வரச் சொல்வார்.

"தண்ணியெல்லாம் ஒரு வெயிட்டா சார்?" என்று ஒரு டிரைவர் கேட்டதற்கு, "நீ குடிச்ச டீயக்கூட கழிக்கணும்னுதான் எனக்கு ஆசை. பாவம்னு விடுறேன், போ" என்றாராம்.

ஒன்பது வருடத்தில் அவர் கொடுத்த சீட்டு தவறென்று யாரும் திரும்பி வந்ததில்லை. இதில் அவருக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையைச் சொல்லாமல் பின்னால் நடந்ததைச் சொல்ல முடியாது.

'சுரபுன்னை' என்ற கேம் வெளிவந்தபோது அவருக்குத் திருமணமாகி ஒரு வருடம். புதுச்சேரியில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து செய்த சண்டை கேம் அது. கழிமுகத்துச் சுரபுன்னைக் காட்டின் குறுகிய நீர்வழிகளில் ஒரு படகுக்காரி போகிறாள். கையில் படகு தள்ளும் மூங்கில் கோல். எதிரே வருபவர்களை அந்தக் கோலால் தடுத்து அடித்துக்கொண்டு கடல்வரை போய்ச் சேர வேண்டும். சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கம் படகில் போனவர்களுக்கு அந்த நிழலும் நீரின் நிறமும் பழக்கமானவையாகத் தோன்றும்.

கேமின் உயிர் ஒரே விஷயத்தில் இருந்தது. எதிரியின் அடி விழும் கணத்தில் பொத்தானை அழுத்தினால் கோல் அந்த அடியைத் தட்டிவிடும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அடி நம்மேல் விழும். ரசிகர்கள் இதைத் 'தட்டு' என்றார்கள். திரையில் ஒரு நொடிக்கு அறுபது படங்கள் மாறுகின்றன. ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். தட்டுக்குக் கிடைக்கும் நேரம் எட்டு ஃபிரேம். அந்த எட்டு ஃபிரேமுக்கும் கோலின் நுனியில் ஒரு வெள்ளை ஒளி தெரியும். அந்த ஒளியை ஒவ்வொரு படமாக நிறுத்தி எண்ணி, முதன்முதலில் எட்டு என்று சொன்னவர் ஜெகன்தான். டெலிகிராமில் சுரபுன்னை ரசிகர்களின் குரூப்பில் இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். அங்கே அவர் பெயர் 'எடைமேடை'. ஏதாவது எண்ணைப் பற்றித் தகராறு வந்தால், "எடைமேடை அண்ணன் வரட்டும்" என்று காத்திருப்பார்கள்.

அவரோடு ஆடியவன் டோனி, மனைவி மேரி ஷாலினியின் தம்பி. துறைமுகத்தில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை. ஐஸ் பாளம் விழுந்து நசுங்கியதிலிருந்து அவனுடைய வலது கட்டைவிரல் முழுதாக மடங்காது. அந்த விரலை வைத்துக்கொண்டு எட்டு ஃபிரேமுக்குள் தட்ட அவன் ஏழு மாதம் பழகினான். கேமை முடித்த அன்று அக்காவைத் தூக்கிச் சுற்றினான். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஜெகன் வீட்டில் இருவரும் ஆட உட்கார்வார்கள்.

இரண்டாம் பாகம் வருவதற்கு ஆறு வருடம் ஆனது. புதுச்சேரி நண்பர்கள் இருவரும் பிரிந்துவிட்டார்கள். கேமின் உரிமை கைமாறியது. சிதம்பரத்தில் மேல வீதியில், ஒரு துணிக்கடை மாடியில் ஆறு பேர் நடத்தும் புது ஸ்டுடியோ அதை எடுத்துச் செய்கிறது என்று செய்தி வந்தபோது குரூப்பில் கொண்டாட்டமும் கவலையும் ஒன்றாகவே வந்தன. இதுவரை இவர்கள் குழந்தைகளுக்கு எண் கற்றுத் தரும் ஆப்தான் செய்திருக்கிறார்கள் என்று ஒருவர் கண்டுபிடித்து வந்து சொன்னார். 'படகுக்காரி இனிமே வாய்ப்பாடு சொல்லித்தான் அடிப்பா' என்று இன்னொருவர் எழுதினார். 'நம்ம மாவட்டத்துக்காரன் செய்றான், காட்டை நேர்லயே போய்ப் பாத்துட்டு வந்து வரைவான்' என்று நம்பியவர்களும் உண்டு. ஜெகன் நம்பிக்கைக்கும் கவலைக்கும் நடுவில் நின்றார். 'முன்னோட்டம் வரட்டும். எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதினார்.

முன்னோட்டம் பொங்கல் வாரத்தில் வந்தது. ஒன்றரை நிமிடம். அதில் ஒரே ஒரு இடத்தில் படகுக்காரி தட்டுகிறாள். பின்னால் ஒரு கொக்கு பறந்து போகிறது. ஜெகன் அந்த இடத்தை ஒவ்வொரு படமாக நகர்த்தி ஒளியை எண்ணினார். பதினாறு வந்தது. மறுபடி எண்ணினார். மூன்றாவது தடவை டோனியை எண்ணச் சொன்னார். அவனுக்கும் பதினாறுதான் வந்தது.

'தட்டு நேரம் இரட்டிப்பாகிவிட்டது. எட்டு இருந்த இடத்தில் பதினாறு. கண்ணை மூடிக்கொண்டும் தட்டலாம்' என்று குரூப்பில் போட்டார். அன்று மாலைக்குள் அது நாலைந்து குரூப்புகளுக்குப் போயிருந்தது. 'தட்டைத் திருப்பிக் கொடு' என்று ஒரு வாசகம் கிளம்பி, ஸ்டுடியோவின் பக்கம் முழுவதையும் நிரப்பியது. கேமை வாங்கப்போவதாகக் குறித்து வைத்திருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள்.

சண்டைப் பகுதியை வடிவமைத்தவர் அருள்மொழி என்ற பெண் என்று யாரோ தேடிக் கண்டுபிடித்தார்கள். இருபத்தேழு வயது, அண்ணாமலை நகரில் பெற்றோருடன் இருக்கிறார். அவருடைய புகைப்படமும் குரூப்புக்கு வந்தது. 'பல்லாங்குழி டிசைன் பண்ண வேண்டியவங்கள சண்டை டிசைன் பண்ண விட்டா இப்படித்தான்' என்று ஒருவன் எழுதினான். அதன் கீழே முந்நூறுக்கு மேல் சிரிக்கும் முகங்கள். அவற்றில் ஒன்று ஜெகன் போட்டது.

அருள்மொழி ஒரே ஒரு முறை பதில் எழுதினார். 'பதினாறு இல்லை. முதல் பாகத்தில் இருந்த அதே எட்டுதான். நானே வைத்தேன்.' பொய் சொல்கிறாள் என்றார்கள். கண்ணுக்கு முன்னால் வீடியோ இருக்கிறதே என்றார்கள். எல்லோரும் ஜெகனைப் பார்த்தார்கள். அவர் இப்படி எழுதினார்: 'என் மேடையில ஏறுன வண்டி பேசக்கூடாது. வெயிட்ட நான் சொல்லுவேன்.'

அந்த வரியைப் படமாக்கி, லாரி ஒன்றை வரைந்து, ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து வந்து, ஷாலினி மீன் கழுவிக்கொண்டிருந்தார். டோனி சும்மா முன்னோட்டத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று சிரித்தான்.

"மாமா, இந்தக் கொக்கப் பாரேன். நாலு நாளா பட்டினி கெடந்தது மாதிரி பறக்குது."

"எந்தக் கொக்கு?"

"பின்னாடி போவுது பாரு. நம்ம பழைய கேம்ல இருந்த கொக்குதான். அது எவ்ளோ சுறுசுறுப்பா போவும்! இதுக்கு வயசாயிடுச்சு போல."

ஜெகன் மடிக்கணினியை அவனிடமிருந்து வாங்கினார். பழைய கேமைத் திறந்து கொக்கைக் கண்டுபிடித்து, ஒரு முறை சிறகு ஏறி இறங்க எத்தனை ஃபிரேம் என்று எண்ணினார். இருபத்து நாலு. முன்னோட்டத்தில் அதே கொக்கை எண்ணினார். நாற்பத்தெட்டு. எண்ணி முடித்துவிட்டு மடிக்கணினியைத் தரையில் வைத்தார். அந்தக் காட்சி அழகுக்காகப் பாதி வேகத்தில் ஓடவிடப்பட்டிருந்தது. கொக்கு பாதி வேகம் என்றால் ஒளியும் பாதி வேகம். பதினாறில் பாதி எட்டு.

வண்டிக்குள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்காமல் அவர் ஒருநாளும் எடை போட்டதில்லை. இங்கே பார்க்காமல் போட்டிருந்தார்.

"என்னா மாமா?"

"தப்பா எண்ணிட்டேன் மச்சான். எட்டுதான்."

டோனி திரையைத் தன் பக்கம் திருப்பினான். "அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நெசமா?"

"ஆமா."

"போட்டுடு மாமா குரூப்புல. தப்பா எண்ணிட்டேன்னு. யாரு என்னா சொல்லப்போறாங்க? நீ என்னா வேணும்னா செஞ்ச?"

"போடுறேன். நாளைக்கு."

திங்கட்கிழமை போடவில்லை. செவ்வாய்க்கிழமை எழுதிப் பார்த்தார், அந்த லாரிப் படம் கண்ணில் பட்டது, அழித்துவிட்டார். புதன்கிழமை விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டது, இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனார். வியாழக்கிழமை, பதினைந்தாம் தேதி, ஸ்டுடியோ அறிவித்தது: 'உங்கள் குரல் கேட்டது. தட்டு நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்.'

குரூப் ஆர்ப்பரித்தது. 'எடைமேடை அண்ணனுக்கு ஜே' என்றார்கள். எட்டில் பாதி நான்கு என்பது அந்த இரண்டாயிரம் பேரில் ஜெகனுக்கும் டோனிக்கும் மட்டும்தான் தெரியும். நான்கு ஃபிரேம் என்பது நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. மனித விரலுக்கு அது மிகக் கொஞ்சம். டோனியின் விரலுக்கு ஒன்றுமேயில்லை.

டோனி அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வழக்கம்போல வந்தான். பழைய கேமையே ஆடினான். அவன் கேட்டிருந்தால் ஜெகனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார். கோபப்பட்டது, அம்மாவுக்குப் போன் செய்யாதது, இரண்டு ஞாயிறு பூசைக்குத் தாமதமாகப் போனது எல்லாவற்றையும் சொன்னார். இதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஷாலினியிடம், "ஃபாதருக்கு மொதல்ல ஃபிரேம்னா என்னான்னு சொல்லணுமே. பின்னாடி அத்தன பேரு நிக்கிறாங்க" என்றார்.

எதைப் பற்றி என்று ஷாலினி கேட்டார். அப்போதுதான் மனைவியிடம் முழுவதும் சொன்னார். ஷாலினி பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பிள்ளைகள் சாக்குச் சொல்வதைத் தினமும் கேட்டுப் பழகியவர்.

"ஃபிரேம் என்னாத்துக்குங்க ஃபாதருக்கு? ஒரு பொண்ணு நெசம் பேசிச்சு, நான் அவளப் பொய்க்காரி ஆக்கிட்டேன், தெரிஞ்சும் சும்மா இருக்கேன். இத சொல்ல எவ்ளோ நேரம் ஆவும்?"

ஜெகன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க இல்ல, இப்ப கொஞ்சம் லேசா இருக்கும். அது வேணாம். லேசாவ வேணாம் உங்களுக்கு. சிதம்பரம் என்னா அமெரிக்காவுலயா இருக்கு? போய்ட்டு வாங்க."

மார்ச் பதினாறாம் தேதி, சனிக்கிழமை, விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். வழியில் ஒரு கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டார். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகும் பழக்கம் இல்லை. மேல வீதியில் இறங்கி நடக்கும்போதுதான் கையில் இருக்கும் பொட்டலம் எவ்வளவு அபத்தமானது என்று தோன்றியது. எறிய மனம் வரவில்லை. துணிக்கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் தட்டினார். திறந்தது அருள்மொழி. புகைப்படத்தில் பார்த்த முகம்.

"யாரப் பாக்கணும்?"

"கடலூர்லேர்ந்து வரேங்க. சுரபுன்னை ரசிகன்."

"பாக்க வந்தீங்களா, திட்ட வந்தீங்களா?" அவர் சிரிக்கவில்லை. "திட்டறதுன்னா மத்தியானத்துக்கு மேல வாங்க. காலையில வேல ஜாஸ்தி."

அதற்குள் ஸ்டுடியோவை நடத்தும் செந்தமிழ்செல்வன் உள்ளேயிருந்து வந்தார். ரசிகர் என்றதும் முகம் மலர்ந்தது. "உள்ள வாங்க ப்ரோ! குரூப்ல எந்தப் பேர்ல இருக்கீங்க?"

வேறு பெயர் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்ததாக ஜெகன் பின்னால் ஷாலினியிடம் ஒப்புக்கொண்டார். சொன்னது உண்மையான பெயரைத்தான்.

"எடைமேடை."

செந்தமிழ்செல்வன் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அது! அருளு, யாரு வந்துருக்காருன்னு பாரு!"

"பாத்துட்டுதான் இருக்கேன்" என்றார் அருள்மொழி.

ஒரு நாற்காலியில் உட்காரவைத்து கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தார்கள். மற்ற நால்வரும் வேலையை விட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றார்கள். திரையில் காடு அவ்வளவு நன்றாக இருந்தது. ஆறு வருடம் காத்திருந்ததற்குத் தகுந்தாற்போல் இருந்தது. முதல் எதிரி அரிவாளை ஓங்கினான். ஜெகன் தட்டினார். பிந்திவிட்டது. மறுமுறை முந்திவிட்டது. ஒன்பது முறை படகுக்காரி தண்ணீரில் விழுந்தாள்.

"டென்ஷன் ஆவாதீங்க ப்ரோ, பழகிடும். நீங்க கேட்டதுதான" என்றார் செந்தமிழ்செல்வன். அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளிப்படிக்குப் போனார். மற்றவர்களும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள்.

அருள்மொழி குனிந்து, விசைப்பலகையில் ஏதோ மாற்றினார். "இப்ப ஆடுங்க."

அரிவாள் இறங்கியது. ஜெகன் தட்டினார். மூங்கில் மோதும் அந்தப் பழைய சத்தம். அடுத்த அடியையும் தட்டினார். ஐந்தாவதும் பிசகவில்லை.

"இது எட்டு. மொதல்லேர்ந்து இதான் இருந்துச்சு. நான் பொய் சொல்லல."

"தெரியும்மா."

"தெரியும்னா?"

ஜெகன் கொக்கைப் பற்றிச் சொன்னார். முன்னோட்டத்தைச் சென்னையில் யாரோ வெட்டி ஒட்டியது என்றும், வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்பது தனக்கே தெரியாது என்றும் அருள்மொழி சொன்னார். பிறகு கேட்டார்:

"எப்ப எண்ணிப் பாத்தீங்க?"

"பிப்ரவரி பதினொண்ணு."

"நாங்க பாதியாக்கறோம்னு போட்டது பதினஞ்சு." அவர் குரல் உயரவில்லை. "நாலு நாள் இருந்துருக்கு."

"மன்னிச்சுக்கம்மா."

"இந்த ஒரு மாசத்துல எங்கப்பா மூணு தடவ கேட்டுட்டாரு, வேலையில நீ என்னாம்மா தப்பு பண்ணினேன்னு. யாரோ போன்ல காட்டிருக்காங்க, உங்க லாரிப் படத்த. ரெண்டாயிரம் பேர் முன்னாடி சொன்னத எங்கிட்ட தனியா வந்து வாபஸ் வாங்கறீங்களே சார், இத நான் எங்க கொண்டு போயி காட்டறது?"

ஜெகன் கையிலிருந்த கன்ட்ரோலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத எட்டாவே வச்சிட முடியாதா?"

"நான் சொன்னா வைக்க மாட்டாரு. மறுபடியும் கூட்டம் வந்துடும்னு பயம். நீங்க குரூப்ல சொன்னா அன்னைக்கே மாத்திடுவாரு. வர்ற வியாழக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஆன்லைன் ஸ்டோருக்கு கேமை அனுப்பறோம். அதுக்கப்பறம் ரிலீஸ் வரைக்கும் யாரும் கை வைக்க முடியாது." சொல்லிவிட்டு விசைப்பலகையில் எண்ணை மறுபடி நான்காக்கினார்.

செந்தமிழ்செல்வன் தேநீரோடு திரும்பினார். சொல்வதற்கு அதுவே நேரம். ஜெகன் தேநீரைக் குடித்தார். எப்படி இருக்கிறது கேம் என்று கேட்டதற்கு, "நல்லா வந்துருக்குங்க" என்றார். மிக்சர் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். பஸ்ஸில் வரும்போது போனை எடுத்து எழுதத் தொடங்கினார். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் நான்கு வரி எழுதிவிட்டார். நல்ல வரிகள்தான். அனுப்பவில்லை.

ஐந்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டோனி வந்திருந்தான். அவன் போகட்டும் என்று விட்டார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வரிகளைத் திருத்தினார். 'மன்னிக்கவும்' என்பதை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்று யோசித்தார். புதன்கிழமை ஷாலினி கேட்டார்: "போட்டாச்சா?" "எழுதிட்டேன்" என்றார். அது பொய்யில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் போனைக் கீழே வைத்தார்; வண்டி இறங்கியதும் எடுத்தார். நாலரை மணிக்கு மேடை காலியாக இருந்தது. சாலையில் வண்டியே இல்லை. போன் கையில் இருந்தது. கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு அவர் ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தார். ஐந்தாகி ஒரு வண்டி வந்தது, எடை போட்டார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஏழு மணிக்கு அனுப்பினார். தான் எண்ணியது தவறு, அருள்மொழி சொன்னது உண்மை, அவரிடம் எல்லோரும் மன்னிப்புக் கேட்க வேண்டும், முதலில் தான் கேட்பதாக எழுதியிருந்தார். ஒளித்து எழுதவில்லை. கொக்கின் கணக்கையும் போட்டிருந்தார்.

குரூப்பில் ஒரு சின்னக் குழப்பம் வந்தது. பிறகு இதயங்கள் வரத் தொடங்கின. 'இதுதான் அண்ணன்.' 'தப்ப ஒத்துக்க ஒரு கெத்து வேணும்.' 'நேர்மைன்னா எடைமேடை.' எழுநூறு பேருக்கு மேல் அவரைப் பாராட்டினார்கள். அருள்மொழியிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் பதினொரு பேர். அந்தப் பாராட்டுகளில் ஒன்றுகூட அவருக்குச் சேர வேண்டியதில்லை என்பது ஐந்து மணி என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்களில் ஒருவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. அருள்மொழி இரண்டே சொல் எழுதியிருந்தார்: 'ஏழு மணிக்கு.'

ஜெகன் அதை ஷாலினியிடம் காட்டினார். ஷாலினி போனைத் திருப்பிக் கொடுத்தார். "தோசை ஊத்தவா?" என்று கேட்டார்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கேம் வெளிவந்தது. பாதியாக்கச் சொல்லி எழுதியவர்களே இரண்டு நாளில் ஆட முடியவில்லை என்றார்கள். பழைய ஆட்கள் இருந்தால் இப்படி ஆகியிருக்காது, புது ஸ்டுடியோவுக்குக் கேம் செய்யத் தெரியவில்லை என்றார்கள். எண்ணைக் கேட்டு வாங்கியது தாங்கள்தான் என்பதை அவர்களில் யாரும் நினைவில் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் கட்டத்தில் ஒரு வலைக்காரன் வருவான். வலையை வீசி இழுத்து அடிப்பான். அவனைத் தாண்டியவர்கள் மிகக் குறைவு. டோனி முதல் கட்டத்தையே தாண்டவில்லை. மூன்று ஞாயிறு முயன்றான்.

"விரல்தான் மாமா. இது கேமோட தப்பு இல்ல" என்றான்.

ஜெகன் எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தார்.

மே மாதத் தொடக்கத்தில் ஸ்டுடியோ ஒரு திருத்தம் அனுப்பியது. அருள்மொழியின் பெயரிலேயே குறிப்பு வந்தது. அமைப்புப் பக்கத்தில் 'தட்டு' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. எட்டு, நான்கு இரண்டில் எது வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் எட்டுக்குப் போனார்கள். கேம் நன்றாக இருக்கிறது என்ற பேச்சு அதன் பிறகே வந்தது. முதல் பாகத்தைவிட நன்றாக இருக்கிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அது கொஞ்சம் அதிகம். கடைசிக் கட்டம் நீளம். ஆனால் சண்டையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜூன் மாதம் டோனி கேமை முடித்தான். முடிவுக் காட்சி ஓடத் தொடங்கியதும், "மாமா, வா, வா! கடலு வந்துடுச்சு!" என்று கூப்பிட்டான். அடுத்த அறையிலிருந்த ஜெகன், "நீ பாரு மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார்.

அவர் ஆடாமல் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை டோனி ஆடி முடித்ததும் கன்ட்ரோலரை வாங்குவார். முதலில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, தட்டை நான்கில் வைப்பார். பிறகு ஆடுவார். வலைக்காரன் வருவான், வலை விழும், படகுக்காரி தண்ணீரில் விழுவாள். பத்துப் பதினைந்து முறை ஆடிவிட்டு நிறுத்துவார். ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இரண்டாம் கட்டத்தை அவர் தாண்டவில்லை. ஆறு வருடம் காத்திருந்த கேமின் முடிவை அவர் பார்த்ததில்லை. குரூப்பில் இதை அவர் சொன்னதும் இல்லை; அங்கே அவர் எட்டில் ஆடுகிறார் என்றுதான் நினைக்கிறார்கள்.

டோனி ஒருநாள் பொறுக்க முடியாமல் கன்ட்ரோலரைப் பிடுங்கினான். "எட்டுல வைய்யி மாமா. அந்தப் பொண்ணே வச்சிக் குடுத்துருக்கு. நீ இப்படி ஆடுறது யாருக்கு?" என்று கேட்டு, அவனே எட்டில் வைத்துக் கொடுத்தான். ஷாலினி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெகன் கன்ட்ரோலரை வாங்கினார். அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். தட்டை நான்கில் வைத்தார். ஆடத் தொடங்கினார்.